அணங்கு என்றால் அழகான பெண் மட்டும்தானா?

அணங்கு என்றால் என்ன என்று யாரையாவது கேட்டால் "அழகான பெண்" என்று பதில் வரும். அது தவறில்லை. கவியரங்கத்தில், திருமண வாழ்த்து மடலில், இணையத்தில் படம் போட்டு அதற்குக் கீழே எழுதும் நாலு வரியில் எல்லாம் இந்தப் பொருளில்தான் சொல் புழங்குகிறது. மங்கை, நங்கை, மடந்தை என்ற வரிசையில் இன்னொன்றாக அதைச் சேர்த்துவிட்டோம். எதுகைக்கும் வசதியான சொல். வணங்கு, இணங்கு, பிணங்கு என்று எத்தனையோ சொற்கள் அதோடு வந்து நிற்கும்.

ஆனால் சங்கப் பாட்டுகளில் அணங்கு வரும் இடங்களைத் தேடிப் படிக்கத் தொடங்கினால், பெண்ணே இல்லாத இடங்கள் எதிர்ப்படும். மலைக்கு அணங்கு உண்டு. ஆற்றுத் துறைக்கு, பாம்புக்கு, முருகன் கோயிலுக்கு உண்டு. ஓர் ஆணின் மார்புக்குக்கூட உண்டு. அப்படியானால் "அழகான பெண்" என்ற பொருள் எங்கிருந்து வந்தது? அதைத்தான் இங்கே படிப்படியாகப் பார்க்கப் போகிறோம். சங்கத் தமிழ் படித்துப் பழக்கம் இல்லாதவர்களும் தயங்காமல் தொடரலாம். பாட்டு வரும் இடத்தில் பொருளும் கூடவே வரும்.

முதலில் வினைச்சொல்லிலிருந்து தொடங்குவோம், அதுதான் திறவுகோல். அணங்குதல் என்றால் வருத்துதல், துன்புறுத்துதல், நிலைகுலையச் செய்தல். அணங்குறுதல் என்றால் அப்படி வருத்தப்படுதல். அணங்கு என்ற பெயர்ச்சொல்லுக்கு அந்த வருத்தம் என்றும் பொருள், வருத்துகிற ஆற்றல் என்றும் பொருள், அந்த ஆற்றலை உடைய தெய்வமோ ஆளோ பொருளோ என்றும் பொருள். இந்த மூன்றையும் மனத்தில் வைத்துக்கொண்டு குறுந்தொகையின் 119ஆம் பாட்டுக்குப் போகலாம். பாடியவர் சத்திநாதனார். நாலே வரிதான்.

சிறுவெள் ளரவின் அவ்வரிக் குருளை
கான யானை அணங்கி யாஅங்கு
இளையள் முளைவாள் எயிற்றள்
வளையுடைக் கையள்எம் அணங்கி யோளே

குருளை என்றால் குட்டி. சின்ன வெள்ளைப் பாம்பு ஒன்றின் குட்டி, உடம்பில் அழகான வரிகள் கொண்டது, காட்டு யானையை அணங்கியது போல, இந்தப் பெண் என்னை அணங்கிவிட்டாள் என்கிறான் தலைவன். அவள் யார்? இளையவள், முளை போல ஒளிரும் பற்கள் உடையவள், கையில் வளையல் அணிந்தவள், அவ்வளவுதான். "பேரழகி" என்று ஒரு சொல்லும் பாட்டில் இல்லை.

இந்த உவமையில் கொஞ்சம் நிற்க வேண்டும். யானை எவ்வளவு பெரியது, பாம்புக் குட்டி எவ்வளவு சிறியது! யானையை வீழ்த்த வேண்டும் என்று குட்டி திட்டம் போடவில்லை, அது தன் போக்கில் கிடக்கிறது. கலக்கம் முழுவதும் யானையின் பக்கம். அதே போல அந்தப் பெண்ணும் அவனை மயக்க எதுவும் செய்ததாகப் பாட்டில் இல்லை. அவள் கண்ணடிக்கவில்லை, சிரிக்கவில்லை, வலை விரிக்கவில்லை. அவள் இருக்கிறாள், அவன் நிலைகுலைகிறான். அந்த நிலைகுலைவுக்குத்தான் அணங்கு என்று பெயர். என்னைக் கேட்டால், இந்தச் சொல்லைப் புரிந்துகொள்ள இந்த ஒரு பாட்டே பாதி வேலையைச் செய்துவிடும்.

இனி, பெண் இல்லாத இடங்களைப் பார்ப்போம்.

புறநானூற்றின் 211ஆம் பாட்டில் பெருங்குன்றூர் கிழார் "அணங்குடை அரவின் அருந்தலை துமிய" என்று பாடுகிறார். இடி விழுந்து பாம்பின் தலை துண்டாகிற காட்சி. அங்கே அணங்கு பாம்பினுடையது. ஐங்குறுநூற்றில் சேர நாட்டுத் தொண்டித் துறைமுகம் "அணங்குடைப் பனித்துறைத் தொண்டி" என்று வருகிறது. பனித்துறை என்றால் குளிர்ந்த நீர்த்துறை, அங்கே இறங்குகிறவரை வருத்தக்கூடிய தெய்வம் அந்த நீரில் உறைகிறது என்ற நம்பிக்கை அந்த அடைமொழிக்குள் இருக்கிறது. புறநானூறு 299இல் பொன்முடியார் இரண்டு விதக் குதிரைகளைக் காட்டுகிறார். ஒன்று சிற்றூர் மன்னனின் குதிரை. உளுந்துச் சக்கையைத் தின்றது, நடையே தளர்ந்தது, ஆனாலும் கடலைப் பிளந்து போகும் தோணி போலப் போர்க்களத்தைப் பிளந்துகொண்டு போகிறது. மற்றவை பெரிய மன்னரின் குதிரைகள். நெய் சேர்த்த உணவை உண்டு பிடரி மயிர் கத்தரித்து மாலை சூட்டி வளர்ந்தவை. அவை முன்னேறாமல் ஒதுங்கி நிற்கின்றன. எப்படி? "அணங்குடை முருகன் கோட்டத்துக் கலந்தொடா மகளிரின்". முருகன் கோயிலில், பாத்திரங்களைத் தொடக் கூடாத நாட்களில் ஒதுங்கி நிற்கும் பெண்களைப் போல. இந்த இடத்தில் அணங்கு முருகனுக்கும் அவன் கோயிலுக்கும் உரியது. பெண்கள் அதற்கு அஞ்சி விலகி நிற்பவர்கள். அகராதியில் "அழகிய பெண்" என்பதை மட்டும் பார்த்துவிட்டு இந்த வரிக்குப் பொருள் சொல்ல முயன்றால் தலைகீழாகிவிடும்.

தொல்காப்பியம் இதை நேராகவே சொல்கிறது. மெய்ப்பாட்டியலில் அச்சம் எதனால் வரும் என்று ஒரு நூற்பா: "அணங்கே விலங்கே கள்வர்தம் இறையெனப் பிணங்கல் சாலா அச்சம் நான்கே." அணங்கு, காட்டு விலங்கு, கள்வர், அரசனைப் போன்ற மேலோர் ஆகிய நான்கும் மனிதரை அஞ்ச வைப்பவை. அந்தப் பட்டியலில் அணங்குக்குத்தான் முதல் இடம்.

திருமுருகாற்றுப்படையில் ஓர் இடம் எனக்கு மிகவும் பிடித்தது. தன்னை நாடி வரும் இரவலனுக்கு முருகன் எப்படிக் காட்சி கொடுப்பான் என்று நக்கீரர் சொல்கிறார். வானளாவிய தன் உருவத்தோடு வந்து, பிறகு "அணங்குசால் உயர்நிலை தழீஇப் பண்டைத்தன் மணங்கமழ் தெய்வத்து இளநலங் காட்டி", அதாவது பார்ப்பவரை நடுங்கச் செய்யும் அந்த உயர்ந்த நிலையை உள்ளே அடக்கிக்கொண்டு, மணம் கமழும் தன் இளமை அழகைக் காட்டி, "அஞ்சாதே, நீ வருவதை அறிவேன்" என்பானாம். கவனியுங்கள். இங்கே அணங்கு ஒரு பக்கம், அழகு இன்னொரு பக்கம். அணங்கு மறைந்தால்தான் அழகைக் கண் தாங்கும். பின்னாளில் அணங்கே அழகு என்று ஆன சொல்லுக்கு நக்கீரர் காலத்தில் இப்படி ஓர் இருப்பு.

சரி, அணங்கு தாக்கினால் என்ன செய்வார்கள்? வேலனை, அதாவது முருகனுக்காக வெறியாடும் பூசாரியைக் கூப்பிடுவார்கள். குறிஞ்சிப் பாட்டுகளில் திரும்பத் திரும்ப வரும் காட்சி இது. பெண் வாடுகிறாள், மெலிகிறாள், வளையல் கழல்கிறது, ஏன் என்று சொல்ல மாட்டேன் என்கிறாள். தாய்க்குக் கவலை. கழங்குக் காய்களைப் போட்டுக் குறி பார்க்கிறார்கள், முருகு அணங்கியிருக்கிறது என்று வருகிறது. முருகனை மகிழ்விக்க வெறியாட்டு, அதாவது சாமி வந்து ஆடும் ஆட்டம், ஏற்பாடாகிறது. உண்மையில் அவளுக்கு வந்திருப்பது காதல் என்பது தோழிக்கும் நமக்கும் தெரியும்.

அகநானூற்றின் 22ஆம் பாட்டு இதை உள்ளிருந்தே சொல்கிறது. பாடியவர் பெயரே வெறிபாடிய காமக்கண்ணியார். வெறியாட்டைப் பாடியதால் வந்த பெயர், பெண்பாற் புலவர். பாட்டின் முதல் மூன்று வரிகளிலேயே அணங்கு இரண்டு முறை வருகிறது.

அணங்குடை நெடுவரை உச்சியின் இழிதரும்
கணங்கொள் அருவிக் கான்கெழு நாடன்
மணங்கமழ் வியன்மார்பு அணங்கிய செல்லல்

அணங்கு உறையும் உயர்ந்த மலை, அதன் உச்சியிலிருந்து விழும் அருவிகள். அந்தக் காட்டு நாட்டுக்காரனின் மணம் கமழும் அகன்ற மார்பு அணங்கியதால் வந்த துன்பம் இது. செல்லல் என்றால் துன்பம். முதல் அணங்கு மலையில் இருக்கிறது, இரண்டாவது ஓர் ஆணின் மார்பிலிருந்து வருகிறது. இது அவன் தந்த துன்பம் என்று வீட்டாருக்குத் தெரியவில்லை. முருகனால் வந்தது என்று எண்ணிக் களம் அமைக்கிறார்கள், கண்ணி சூட்டுகிறார்கள், வீடு அதிரப் பாடுகிறார்கள், பலி கொடுக்கிறார்கள், செந்தினையை இரத்தத்தில் கலந்து தூவுகிறார்கள். அச்சம் தரும் அந்த நள்ளிரவில், சந்தன மணத்தோடு, வண்டு மொய்க்கும் பூக்களைச் சூடிக்கொண்டு, காவலர் கண்ணில் படாமல் அவன் வருகிறான். அவளைத் தழுவுகிறான், நோய் தணிகிறது. "அப்போது நான் சிரித்தேன் அல்லவா?" என்று அவள் தோழியிடம் கேட்கிறாள். நோய் தணிந்த பெருமை ஒரு சம்பந்தமும் இல்லாத வேலனுக்குப் போய்ச் சேர்ந்ததை நினைத்து வந்த சிரிப்பு அது.

குறுந்தொகை 362 இன்னும் கூர்மை. வேம்பற்றூர்க் கண்ணன் கூத்தன் பாடியது. வெறியாட வந்த வேலனைத் தோழி நேருக்கு நேர் மடக்குகிறாள். மரியாதையாகத்தான் தொடங்குகிறாள்: முதுவாய் வேலனே, கோபித்துக்கொள்ளாதே, உன்னிடம் ஒரு கேள்வி. பல நிறச் சோற்றுப் பலியோடு ஆட்டுக்குட்டியைக் கொன்று, இவள் நெற்றியைத் தடவி, வணங்கிப் படைக்கிறாயே, "அணங்கிய விண்தோய் மாமலைச் சிலம்பன் ஒண்தார் அகலமும் உண்ணுமோ பலியே?" இவளை அணங்கியவன் வானைத் தொடும் மலைக்குரிய அந்தச் சிலம்பன். அவனுடைய மாலை அணிந்த மார்பும் உன் பலியைச் சாப்பிடுமா?

ஒரே கேள்வியில் காதலும் வெளிப்பட்டுவிட்டது, வேலனுக்கும் பதில் சொல்லியாயிற்று. நம் விஷயத்துக்கு இதில் முக்கியமானது அணங்கிய சிலம்பன் என்ற தொடர். ஆண் அணங்கலாம், பெண் அணங்குறலாம். சொல்லுக்கு அதில் எந்தத் தடையும் இல்லை.

பிறகு எப்படி இது பெண்ணோடு மட்டும் ஒட்டிக்கொண்டது? அதற்கு ஒரு வழி தெளிவாகத் தெரிகிறது, அது களவு ஒழுக்கத்தின், அதாவது வீட்டார் அறியாத காதலின், முதல் நொடி. மலையிலும் சோலையிலும் சூரரமகளிர், வரையரமகளிர் என்ற தெய்வப் பெண்கள் உலவுவார்கள் என்பது அன்றைய நம்பிக்கை. சூர் என்பதும் அச்சம் தரும் தெய்வம்தான். அப்படிப்பட்ட சோலையில் தனியே ஒரு பெண்ணைப் பார்க்கும் இளைஞனுக்கு முதலில் என்ன தோன்றும்? இவள் மனிதப் பெண்ணா, சோலையின் தெய்வமா? இந்தத் தடுமாற்றத்துக்கு அகப்பொருள் இலக்கணத்தில் ஐயம் என்று பெயர்.

அந்த ஐயம் எப்படித் தீரும் என்பதற்குத் தொல்காப்பியர் களவியலில் ஒரு பட்டியலே தருகிறார்: "வண்டே இழையே வள்ளி பூவே கண்ணே அலமரல் இமைப்பே அச்சமென்று…" எவ்வளவு நுணுக்கம் பாருங்கள். தலையில் சூடிய பூவில் வண்டு மொய்க்கிறதா? மனிதப் பெண். அணிந்திருப்பது மனிதர் செய்த நகையா? தோளில் எழுதிய வள்ளிக் கொடி தெரிகிறதா? பூ வாடியிருக்கிறதா? தெய்வப் பெண் சூடிய பூ வாடாது. கண் அசைகிறதா, இமைக்கிறதா? தெய்வம் இமைக்காது. அவள் தடுமாறுகிறாளா, என்னைக் கண்டு அஞ்சுகிறாளா? அப்படியானால் அவளும் என்னைப் போல ஓர் உயிர்தான். இமை ஒருமுறை மூடித் திறக்கும் அந்தக் கணத்தில் அவனுக்கு மூச்சு வருகிறது.

திருவள்ளுவர் காமத்துப்பாலை இந்த இடத்தில்தான் தொடங்குகிறார். 109ஆம் அதிகாரம், அதன் பெயர் தகையணங்குறுத்தல். தகை என்றால் அழகு, அது அணங்குறுத்துகிறது. தலைப்பிலேயே அணங்கு வினையாக நிற்கிறது. முதல் குறள் எல்லாருக்கும் தெரிந்தது.

அணங்குகொல் ஆய்மயில் கொல்லோ கனங்குழை
மாதர்கொல் மாலும்என் நெஞ்சு

அணங்கோ, அழகிய மயிலோ, கனமான காதணி அணிந்த பெண்ணோ, என் நெஞ்சு மயங்குகிறது. இங்கே அணங்கும் மாதரும் வேறு வேறு. அணங்கு என்றாலே பெண் என்று கொண்டால் "பெண்ணோ, மயிலோ, பெண்ணோ" என்று குறளே குழம்பிவிடும். முதலாவது தெய்வம், இரண்டாவது பறவை, மூன்றாவது மனிதப் பெண். அந்த மனிதப் பெண்ணுக்கு முன்னால் "கனங்குழை" என்று ஒரு நகையை வள்ளுவர் வைத்திருப்பதைப் பார்க்கும்போது, தொல்காப்பியர் பட்டியலின் "இழை" எனக்கு நினைவுக்கு வருகிறது. ஐயத்தைச் சொல்லும்போதே அது தீர்வதற்கான குறிப்பையும் கொடுத்துவிட்டார்.

அடுத்த குறளில் வேகம் கூடுகிறது. "நோக்கினாள் நோக்கெதிர் நோக்குதல் தாக்கணங்கு தானைக்கொண் டன்ன துடைத்து." நான் பார்த்தேன், அவள் திரும்பிப் பார்த்தாள். தாக்கி வருத்தும் ஓர் அணங்கு தனியாக வராமல் படையையும் கூட்டிக்கொண்டு வந்தது போல இருக்கிறது என்கிறான். தானை என்றால் படை. ஒரு பார்வைக்கு இந்த அளவு கலக்கம்!

பொருட்பாலிலும் அணங்கு வருகிறது. விலைமகளிரைப் பற்றிய வரைவின் மகளிர் அதிகாரத்தில் 918ஆம் குறள்: "ஆயும் அறிவினர் அல்லார்க்கு அணங்கென்ப மாய மகளிர் முயக்கு." ஆராய்ந்து பார்க்கும் அறிவு இல்லாதவருக்கு மாயமகளிரின் தழுவல் அணங்கு என்கிறார். திருக்குறள் உரையாசிரியர் பரிமேலழகர் இங்கே காம வழியில் உயிரைக் கொள்ளும் தெய்வமகள் என்று உரை சொல்கிறார். மயக்கும் பெண் ஆபத்தானவள் என்ற பொருளுக்கு மிக நெருங்கி வரும் இடம் இதுதான். ஆனாலும் இங்கே அணங்கு என்று சொல்லப்படுவது தழுவல், யாருக்கு அணங்கு என்பதும் சேர்ந்தே வருகிறது. ஆயும் அறிவு உள்ளவருக்கு அது அணங்கு ஆகாது.

தெய்வப் பெண்ணின் உருவம் பார்ப்பவரை வீழ்த்தும் என்ற நம்பிக்கைக்குக் கண்ணால் காணும் அடையாளம் போல ஒன்று பாடல்களில் உண்டு. அது கொல்லிப்பாவை. இன்றைய நாமக்கல் மாவட்டத்தில் இருக்கும் கொல்லிமலையின் மேற்குச் சரிவில் தெய்வம் செய்து வைத்த பாவை என்று புலவர்கள் பாடினார்கள். குறுந்தொகை 100இல் கபிலர் தலைவியைச் சொல்லும்போது "வல்வில் ஓரி கொல்லிக் குடவரைப் பாவையின் மடவந்தனளே" என்கிறார். ஓரியின் கொல்லிமலை மேற்குச் சரிவில் உள்ள பாவையைப் போல மடப்பம் உடையவள் என்று பொருள். அந்தப் பாவை சிரித்தே மயக்கி உயிர் வாங்கும் என்ற கதை வழிவழியாக வருகிறது. மலைக்குப் போகிறவர்கள் எட்டுக்கை அம்மன் கோயிலில் அந்தப் பாவையைத்தான் இன்றும் கும்பிடுகிறார்கள்.

இங்கே ஓர் ஆய்வுச் சண்டையையும் சொல்லியாக வேண்டும். 1970களில் அமெரிக்கத் தமிழறிஞர் ஜார்ஜ் ஹார்ட் அணங்கைப் பற்றி விரிவாக எழுதினார். அது ஒரு புனித ஆற்றல், ஆபத்தானது, குறிப்பாகப் பெண்ணின் உடலில் உறைவது, கற்பு என்பது அந்த ஆற்றலைக் கட்டுக்குள் வைப்பது என்பது அவருடைய வாதத்தின் சாரம். வெளிநாட்டுப் பல்கலைக்கழகங்களில் இது வேகமாகப் பரவியது. 1986இல் தமிழறிஞர் வி. எஸ். ராஜம் அமெரிக்கக் கீழைத்தேயக் கழகத்தின் ஆய்விதழில் இதற்கு மறுப்பு எழுதினார். பல பொருள்களுக்கும் ஆட்களுக்கும் உரிய ஒரு கருத்தைப் பெண்ணின் புனித ஆற்றல் என்று மட்டும் சுருக்கிவிட்டார்கள் என்பது அவர் குற்றச்சாட்டு. நான் ராஜம் பக்கம். சிலம்பனின் மார்பும், தொண்டித் துறையும், பாம்பும், முருகன் கோட்டமும் கண் முன்னால் இருக்கும்போது அணங்கைப் பெண்ணுடம்புக்குள் மட்டும் எப்படி அடைக்க முடியும்? பெண்ணைக் கட்டிக் காக்க வேண்டிய ஆபத்தாகப் பார்க்கும் கண்ணுக்கு அந்த விளக்கம் வசதியாக இருக்கலாம். பாட்டுகள் அதற்கு இடம் கொடுக்கவில்லை.

காலப்போக்கில் சொல் மெல்ல இடம் மாறியது. சிலப்பதிகாரத்தில் இன்னும் பழைய வீரியம் இருக்கிறது. கண்ணகி வாயிலில் வந்து நிற்கும்போது காவலன் பாண்டியனிடம் ஓடிப்போய், இவள் கொற்றவை அல்லள், பிடாரி அல்லள், "இறைவனை ஆடல் கண்டருளிய அணங்கு" அல்லள், காளி அல்லள் என்று அடுக்குகிறான். இறைவனையே ஆட வைத்தவள் அந்த அணங்கு. அச்சம் தரும் பெண் தெய்வங்களின் வரிசையில் அவள் நிற்கிறாள். பின்வந்த காப்பியங்களிலும் சிற்றிலக்கியங்களிலும் அச்சம் கரைந்துபோய் அழகு மட்டும் தங்கிவிட்டது. தெய்வப் பெண் போன்றவள் என்று உவமையாகச் சொன்னது, உவமை உருபு உதிர்ந்து, பெண் என்றே ஆகிவிட்டது. சென்னைப் பல்கலைக்கழகத் தமிழ் லெக்சிகனைத் திறந்தால் வருத்தம், நோய், அச்சம், தெய்வம், வெறியாட்டு, அழகு, அழகிய பெண் என்று எல்லாமே ஒரே சொல்லுக்குக் கீழே கிடக்கும். அத்தனையும் ஒரு வீட்டில் எப்படிக் குடியேறின என்பது இப்போது புரிந்திருக்கும்.

மனோன்மணீயம் சுந்தரனார் 1891இல் தமிழை "பெருந் தமிழணங்கே" என்று அழைத்தார். 1970 முதல் தமிழ்நாட்டு அரசு விழாக்களில் தமிழ்த்தாய் வாழ்த்தாகப் பாடப்பட்டு, 2021 டிசம்பரில் மாநிலப் பாடலாக அறிவிக்கப்பட்ட அந்தப் பாட்டைப் பள்ளியில் பாடாதவர் நம்மில் அரிது. அழகிய பெண்ணே என்று பொருள் கொண்டாலும் பாட்டு கெடாது. ஆனால் அடுத்து வரும் வரியைப் பாருங்கள்: "உன் சீரிளமைத் திறம் வியந்து செயல்மறந்து வாழ்த்துதுமே." செயல் மறக்கிறது! அணங்கின் முன் நிற்பவருக்கு நேர்வது அதுவேதான். சுந்தரனார் பழைய பொருளையும் காதில் வைத்துக்கொண்டே எழுதினார் என்று நான் நம்புகிறேன். 2022 ஏப்ரலில் இசையமைப்பாளர் ஏ. ஆர். ரகுமான் பகிர்ந்த தமிழணங்கு ஓவியத்தில் விரிந்த கூந்தலும் கையில் வேலாக மாறிய ழகரமும் இருந்தன. தமிழ்த்தாய் என்றால் சாந்தமாக அமர்ந்திருக்கும் உருவமே பழகியவர்களுக்கு அது அதிர்ச்சியாக இருந்தது. அணங்கு என்ற சொல்லுக்கு அந்த ஓவியம் மிகப் பொருத்தம்.

மோகினியும் அணங்கும் ஒன்றா என்று சிலர் கேட்பதுண்டு. இல்லை. மோகினி வடசொல், மோகத்திலிருந்து பிறந்தது. பாற்கடல் கடைந்த கதையில் அமுதத்துக்காகத் திருமால் எடுத்த வேடம் அது. திருவரங்கத்தில் பகல்பத்தின் கடைசி நாளில், வைகுண்ட ஏகாதசிக்கு முதல் நாள், நம்பெருமாள் நாச்சியார் திருக்கோலத்தில் மோகினியாகவே காட்சி தருவார். அது கண்கொள்ளாக் காட்சி. ஊர்ப்புறக் கதையில் வெள்ளைப் புடவையும் மல்லிகை வாசமும் கொலுசுச் சத்தமுமாக வரும் மோகினிப் பிசாசும் அதே பெயர்தான். இரண்டிலும் பொதுவானது மயக்க வேண்டும் என்ற நோக்கம். மோகினி மயக்குவதற்காகவே வருகிறாள். குறுந்தொகைப் பாம்புக் குட்டிக்கு அப்படி எந்த நோக்கமும் கிடையாது. மயக்குக்காரி, மாயக்காரி, மோகினி என்று சொல்லும்போது பழி அவள் மேல் விழுகிறது. அணங்கு என்று சொல்லும்போது "எனக்கு இப்படி ஆகிவிட்டது" என்று சொல்பவன் தன் நிலையைத்தான் சொல்கிறான். பெண்ணின் அழகைப் பேச நம்மிடம் இப்படிப் பழி சுமத்தாத ஒரு பழஞ்சொல் இருப்பது எனக்குப் பெரிய விஷயமாகப் படுகிறது.

எழுதும்போது கவனிக்க வேண்டியவை சில. அணங்கு என்பதில் டண்ணகரம், ஆகவே ண. அனங்கன் வேறு சொல், அது உடல் இல்லாதவன் என்ற பொருளில் காமனுக்கு வழங்கும் வடசொல். காதல் கவிதையில் இரண்டும் அடுத்தடுத்து வரும்போது எழுத்து மாறிவிடுகிறது. மகளிர் தினத்தில் "அனைத்து அணங்குகளுக்கும் வாழ்த்துகள்" என்று போடுகிறார்கள். பெண்கள் என்று சொல்ல வேண்டிய இடத்தில் அணங்குகள் என்றால் சொல்லின் உயிர் போய்விடுகிறது. எல்லாரும் அணங்கு என்றால் யாரும் யாரையும் அணங்கவில்லை என்றாகிவிடும். ஒருவரைப் பார்த்து நிலைகுலைந்த இடத்தில், ஒரு மலை உச்சியில் கால் நடுங்கிய இடத்தில், சாமி வந்து ஆடுபவரின் முன் தொண்டை வறண்டு நின்ற இடத்தில் இதைப் பயன்படுத்திப் பாருங்கள். "அணங்குடைக் கடல்" என்று சுனாமியைக் கண்ட ஒருவர் எழுதினால் அதைவிடச் சரியான அடைமொழி கிடைக்காது. வினையாகவும் தாராளமாக எழுதலாம். "அவன் சிரிப்பு என்னை அணங்கிற்று" என்று ஒரு பெண் எழுதினால் அதில் பிழை ஏதும் இல்லை. வேலனை மடக்கிய தோழி பேசியதும் அதே தமிழ்தான்.